மலை விழவில்லை, கணக்குப் பொய்யா?



கினிகத்தேனைப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, வயதான தாய் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு முந்திய வாரம் விடாத மழை. லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவு இறங்கக்கூடும் என்று எச்சரிக்கை வந்து, அங்குள்ள குடும்பங்களெல்லாம் பாடசாலை மண்டபத்தில் மூன்று இரவுகளைக் கழித்திருந்தன. நான்காம் நாள் வெயில் எறித்தது. மலை இருந்தபடியே இருந்தது.

"சாமி, மூனு நாளு பேரப்புள்ளைகளத் தூக்கிக்கிட்டு இஸ்கூல்ல கெடந்தோம். மூனு நாளு பேரும் போச்சு. மலை அப்புடியேதான் நிக்குது. கம்பியூட்டர்ல கணக்குப் போட்டுச் சொன்னதுன்னாங்க. அப்ப அந்தக் கணக்குப் பொய்தானே சாமி?"

நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் அந்தத் தாய் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. உண்மை எது, பொய் எது, நிச்சயமில்லாத ஒன்றை நம்பி ஒரு மனிதன் தன் வீட்டை விட்டுப் போகக் கடமைப்பட்டவனா என்னும் பெரிய கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. இவ்வாரம் அவற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். முதலில் அந்தக் கணக்கு எத்தகையது என்று பார்ப்போம்.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. கினிகத்தேனையும் வட்டவளையும் அந்த மழைக்குப் பேர்போனவை. அந்த நீரைப் பள்ளத்துக்கு இழுப்பது புவியீர்ப்பு. நோட்டன் பிரிட்ஜில் தடுக்கப்பட்ட நீர், குழாய் வழியே லக்சபானவுக்கு விழுந்து, சுழலியைச் சுற்றி, காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே மின்சாரமாகிறது. இத்தகைய திட்டத்தைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இல். ஆகவே புவியீர்ப்பு, மின்காந்தம் என்னும் இரு விசைகளும் நமக்குப் பாடப் புத்தகத்துச் சொற்கள் மட்டுமல்ல. நம் வாசலிலேயே வேலை செய்பவை.

இவ்விரண்டில் எது வலியது? இரண்டு புரோத்தன்களை அருகருகே வைத்தால், அவற்றை விலக்கித் தள்ளும் மின்விசை அவற்றை இணைத்து இழுக்கும் ஈர்ப்பு விசையைவிட ஏறக்குறைய 1-க்குப் பின் 36 பூச்சியங்கள் இட்ட மடங்கு பெரியது. ஆனால் மின்னேற்றத்தில் நேரும் எதிரும் உண்டு. அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஈர்ப்புக்கு அப்படி எதிர் இல்லை. அது சேர்ந்துகொண்டே போகும். எனவேதான் மலை போன்ற பெரும் பொருளில் பலவீனமான ஈர்ப்பே ஓங்கி நிற்கிறது.

லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை இப்போது மனக்கண்ணால் பாருங்கள். மண்ணையும் கல்லையும் கீழே இழுப்பது ஈர்ப்பு. அவற்றைப் பிடித்து நிறுத்துவது எது? மண் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு, களிமண்ணின் ஒட்டும் தன்மை, வேரின் இறுக்கம் ஆகியவையே. இவையனைத்தும் அடிப்படையில் அணுக்களின் மின்விசையால் வருபவை. ஆக, சரிவு ஒவ்வொன்றும் இவ்விரு விசைகளின் இழுபறி. மழைநீர் மண்ணுக்குள் இறங்கினால் பாரம் கூடுகிறது. துகள்களுக்கு இடையே புகுந்த நீரின் அழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 1-க்கு மேல் இருந்தால் சரிவு நிற்கும். 1-க்குக் கீழே இறங்கினால் சரியும்.

கணக்கு இவ்வளவு எளிதாயின் தவறு எங்கே நுழைகிறது? நியூட்டன் 1687 இல் வெளியிட்ட ஈர்ப்பு விதி ஒரே வரியில் அடங்கும். மக்ஸ்வெல் 1860-களில் வகுத்த மின்காந்தச் சமன்பாடுகளும் ஒரு பக்கத்துக்குள் அடங்குபவையே. சூரியனும் ஒரு கோளும் என இரண்டே பொருள்கள் இருந்தால் அவற்றின் பாதையைச் சூத்திரத்தால் முழுமையாக எழுதிவிடலாம். மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்துவிட்டாலோ, எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் பொருந்தும் அத்தகைய எளிய சூத்திரம் கிடையாது. விதி தெரிந்திருந்தும் விடையை ஒரே தாவலில் எட்ட முடியாது. எனவே அறிஞர்கள் வேறு வழியை நாடினார்கள். பனிமூட்டத்தில் அரிக்கன் விளக்கோடு மலைப்பாதையில் இறங்குபவன், ஓர் அடிக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஓர் அடி வைத்து, நின்று, மீண்டும் பார்த்து, அடுத்த அடி வைப்பதுபோல, காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்டுச் செல்வதே அவ்வழி. இதனை மாதிரிக் கணக்கு என்போம். இன்று கணனிகள் செய்வது இதையே.

பாடசாலைப் பிள்ளைகளும் இதைத் தாளில் செய்து பார்க்கலாம். கைவிட்ட கல்லின் வேகம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் கூடுகிறது. இரண்டு வினாடியில் அது விழும் தூரம் 19.6 மீட்டர். இதையே அடியடியாகக் கணக்கிடுவோம். ஒவ்வோர் அடியின் தொடக்கத்தில் உள்ள வேகமே அந்த அடி முழுவதும் நீடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வினாடி ஓர் அடி என்றால் கிடைக்கும் விடை 9.8 மீட்டர், உண்மையில் பாதி! அரை வினாடி ஓர் அடி என்றால் 14.7 மீட்டர். பத்தில் ஒரு வினாடி என்றால் 18.62 மீட்டர். அடி சிறிதாகச் சிறிதாக விடை உண்மையை நெருங்குகிறது. ஆயினும் முற்றாகத் தொட்டுவிடுவதில்லை. தவறு எவ்வளவு என்பதை அறிந்திருப்பதே நேர்மையான கணக்கின் அடையாளம்.

இந்தத் துறையில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் முன்னோடிகளில் ஒருவராக விளங்கினார் என்பது நம் வாசகர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். பெல்ஜிய நாட்டவரான அருட்தந்தை ஜோர்ஜ் லெமேத்ர் 1894 இல் பிறந்து, முதலாம் உலகப் போரில் படைவீரராக இருந்து, 1923 இல் குருப்பட்டம் பெற்றவர். 1927 இல், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளைக் கொண்டு, அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று காட்டியவர் இவர். இவருடைய மற்றொரு பணியை அதிகம் பேர் அறியார். விண்ணிலிருந்து பூமிக்கு வரும் அண்டக் கதிர்கள் மின்னேற்றம் உள்ள துகள்களா, ஒளி போன்ற கதிர்களா என்று 1930-களில் பெரும் வாதம் நடந்தது. துகள்களாயின் பூமியின் காந்தம் அவற்றை வளைத்துத் திருப்பும். நிலநடுக்கோட்டை அண்டிய நம்மைப் போன்ற நாடுகளுக்குக் குறைவாகவே வந்து சேரும். அவை வளையும் பாதைகளையும் ஒரே சூத்திரத்தால் எழுத முடியாது. லெமேத்ர், மெக்சிக்கோ நாட்டு அறிஞர் வயார்த்தாவுடன் சேர்ந்து, 1933 முதல் அப்பாதைகளை எண்களால் பின்தொடர்ந்தார். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சக்கரங்களும் தண்டுகளும் சுழன்று கணக்கிடும் பொறி ஒன்று இருந்தது, அதையும் பயன்படுத்தினார்கள். உலகின் பல பகுதிகளில் கொம்ப்டன் என்னும் அறிஞரின் குழுவினர் எடுத்த அளவீடுகளோடு அந்தக் கணக்கு ஒத்துப்போயிற்று. அவை மின்னேற்றம் கொண்ட துகள்களே என்பது உறுதிப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லெமேத்ர் தம் கணக்கை உண்மை என்று கொண்டது பொறி சொன்னதனால் அல்ல. உலகத்தின் அளவீட்டோடு அது பொருந்தியதனால். உண்மை என்பது அறிவும் பொருளும் பொருந்துவதே என்று புனித தோமஸ் அக்குவினார் கற்பித்ததைக் குருமடத்தில் படித்தோம். சக்கரப் பொறியானாலும் கணனியானாலும் இந்த அளவுகோலிலிருந்து தப்ப முடியாது.

அவரிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு. 1951 நவம்பரில் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர், விஞ்ஞானம் அண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிக் கூறுவது படைப்பின் உண்மைக்குச் சாட்சி பகர்வதுபோல இருக்கிறது என்னும் கருத்துப்படப் பேசினார். லெமேத்ருக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று நினைப்போம். அவரோ சங்கடப்பட்டார். தம் கொள்கை இயற்பியல் கொள்கை. அது வேத சத்தியத்தை நிரூபிக்கவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது என்பது அவர் நிலைப்பாடு. தம் கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எல்லைக்கோடு கிழித்து நின்ற அந்தக் குருவின் அடக்கம், கணக்கிடும் ஒவ்வொருவருக்கும் வேண்டியதாகும்.

மாதிரியையும் பொருளையும் ஒன்றாக மயங்கக் கூடாது என்பதற்கு அழகிய உதாரணம் ஒன்று உண்டு. 1941 இல், கணனிகள் வருமுன்னர், சுவீடன் நாட்டு எரிக் ஹொல்ம்பேர்க் என்பவர் இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் நெருங்கினால் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 37 மின்குமிழ்களை மேசையில் பரப்பினார். தூரம் இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். ஒளியும் அப்படியே குறையும். எனவே ஒவ்வோர் இடத்திலும் விழும் ஒளியை அளந்து, அதை ஈர்ப்பாக எடுத்துக்கொண்டு, குமிழ்களை அடியடியாக நகர்த்தினார். குமிழ்கள் ஒன்றையொன்று இழுக்கவில்லை. ஆயினும் இழுக்கும் விதத்தை அவை உண்மையாகவே காட்டின. கணனிக்குள் விழும் மலையும் அப்படித்தான். அதனால் ஒரு தேயிலைச் செடியும் நசுங்காது. என்றாலும் அது வெறும் கற்பனையுமன்று.

இனி ஒரு நியாயமான ஐயம். 2005 ஆம் ஆண்டில், இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதி இணைவதைப் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் என்பவர் முதன்முதலாகக் கணனியில் வெற்றிகரமாகக் கணக்கிட்டார். 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி, ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் நிகழ்ந்த அத்தகைய இணைவின் ஈர்ப்பு அலை அமெரிக்காவிலுள்ள கருவிகளில் பதிவாயிற்று. அலையின் வடிவம் கணக்கோடு பொருந்தியது. அவ்வளவு தூரத்து மோதலைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, என் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேடு நாளைக்கு விழுமா என்று சொல்லத் தெரியாதா?

தெரியாது, அதற்குக் காரணமும் உண்டு. நம் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் பல்லாண்டுகள் ஆராய்ந்த பொருள் கருந்துளை. அதை விவரிக்க நிறை, சுழற்சி, மின்னேற்றம் என மூன்று எண்கள் போதும். நம் மேட்டுக்கோ எத்தனை எண்கள் வேண்டும்! மண் எத்தனை அடி ஆழம், அடியில் பாறை எப்படிச் சாய்ந்திருக்கிறது, வெள்ளைக்காரத் துரை காலத்துக் கான் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மரத்தை யார் வெட்டினார்கள், லயத்துக் கழிவுநீர் எவ்விடத்தில் இறங்குகிறது? இவற்றில் பலவற்றை எவரும் அளந்ததில்லை. விதி தவறில்லை, ஊட்டப்படும் எண்களே போதாதவை. எனவே மலைச்சரிவுக் கணக்கு "விழும்" என்று சொல்வதில்லை. "விழக்கூடும்" என்றே சொல்லுகிறது. நமது நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான சரிவுகளை வரைபடங்களில் குறித்து வைத்திருக்கிறது. மழை பெருகும்போது விழிப்பாயிருங்கள், ஆயத்தமாயிருங்கள், வெளியேறுங்கள் என்று மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. இவை இயலுமை பற்றிய தீர்ப்புகளேயன்றித் தீர்க்கதரிசனங்கள் அல்ல.

அப்படியானால், நிச்சயமில்லாத ஒன்றுக்காக ஒருவன் வீட்டை விட்டுப் போக வேண்டுமா? ஒழுக்க இறையியலில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. வேட்டைக்காரன் ஒருவன் பற்றைக்குள் ஓர் அசைவைக் காண்கிறான். மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். மானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுடலாமா? சுடக்கூடாது. வேறு காரியங்களில், நியாயமான ஐயம் இருக்கும்போது மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் உயிர் பணயமாக இருக்கும்போது பாதுகாப்பான வழியையே தெரிய வேண்டும். அவன் சுடாமல் விட்டபின் பற்றைக்குள்ளிருந்து மான் துள்ளி ஓடினால், அவன் ஏமாந்தான் என்போமா? அவன் செய்தது சரி. மனிதன் இல்லை என்று தெரிந்த பின்னரும் அது சரியே.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரே அளவு ஆபத்திலுள்ள பத்துச் சரிவுகளில் ஒன்று சரியும் என்று வைத்துக்கொள்வோம். எது என்று தெரியாது. பத்து லயங்களும் வெளியேறுகின்றன, ஒன்று புதைகிறது. மற்ற ஒன்பது லயத்தாரும் வீணாக அலைந்தார்களா? அந்த ஒன்றில் இருந்தோரின் உயிரைக் காக்க வேறு வழி இல்லையே! எச்சரிக்கை விடுக்கப்பட்ட நேரத்தில் கையிலிருந்த அறிவுக்கு அது பொருந்தியதா என்பதைக் கொண்டே அதை உண்மை அல்லது பொய் என்று தீர்க்க வேண்டும். மறுநாள் வெயில் எறித்ததைக் கொண்டு தீர்க்கலாகாது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அந்நாட்களில் செய்திகள் வெளிவந்தன. 2005 இலும் மலை விழவில்லை. 2011 இலும் விழவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மழையில் மலைகள் சரிந்தபோது நூற்றுக்கணக்கானோரை இழந்தோம். அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த மலைகளும் நின்றுகொண்டுதான் இருந்தன.

ஆனால் இவ்வளவோடு நிறுத்திவிட்டால் நாம் ஏழையின் தோளில் மட்டும் சுமையை ஏற்றியவர்களாவோம். கடமை மூன்று பக்கத்தாருக்கும் உண்டு.

கணக்கிடுபவர்கள் தங்கள் கணக்கின் ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்களின் மொழியில், விளங்கும் வார்த்தைகளில், உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். கான் எங்கே அடைபட்டது, சுவரில் வெடிப்பு எப்போது விழுந்தது, ஊற்று எந்த மாதத்தில் கலங்கியது என்பவை லயத்தில் குடியிருப்போருக்குத் தெரியும். அவர்கள் அறிந்ததையும் கேட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேட்பவர்களாகிய நாம், போன முறை விழவில்லை என்பதற்காக இந்த முறை அலட்சியம் செய்யலாகாது. ஆண்டவர் காப்பார் என்று சொல்லிக்கொண்டு ஆபத்தான கூரையின் கீழ் பிள்ளைகளைப் படுக்க வைப்பது விசுவாசமல்ல; அது ஆண்டவரைச் சோதிப்பதாகும். எச்சரித்த அயலானின் குரலையும் அவர் தந்த உதவியாகவே ஏற்க வேண்டும்.

மூன்றாம் பக்கத்தார் காணியையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்போர். இங்கே கணக்கு வாயடைத்துப்போகிறது. சரிவு நிற்குமா என்று அது சொல்லும். மூன்று நாள் சம்பளத்தை யார் ஈடு செய்வது என்று சொல்லாது. 150 ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகளைப் பசுமையாக்கிய மக்கள், தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உரிமையில்லாமல், ஆபத்தான சரிவிலேயே ஏன் இருக்க நேர்ந்தது என்றும் சொல்லாது. அது ஈர்ப்பு விசையால் நேர்ந்ததன்று. மனிதர் செய்த ஏற்பாடு. மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. "வெளியேறு" என்று சொல்லிவிட்டு "எங்கே போவது?" என்பதற்குப் பதில் சொல்லாதிருப்பவர், கணக்கின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயைத் தேடிச் சென்று, வேட்டைக்காரன் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பேரப்பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "சரி சாமி, நீங்க சொல்றது நியாயந்தான். அடுத்த தடவ சொன்னாலும் போறோம். ஆனா போயிட்டுத் திரும்ப அதே லயத்துக்குத்தானே வரணும்?" என்றார்.

வாசக அன்பர்களே, முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தது. இந்த இரண்டாம் கேள்விக்கு இல்லை. உங்களுள் தோட்ட நிர்வாகத்தில் இருப்போர் உண்டு. பிரதேச சபையில் அமர்ந்திருப்போர் உண்டு. தொழிற்சங்கத்தை நடத்துவோர் உண்டு. வாக்குரிமையோ எல்லோருக்கும் உண்டு. அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் தோட்டத்தில் எந்தெந்த லயங்கள் ஆபத்து வரைபடத்துக்குள் இருக்கின்றன என்று விசாரித்து அறியுங்கள். பங்குக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். அந்தத் தாய்க்கு நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அது.